வேலையோடு சேர்த்துத் தந்த பாய்

மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் 2007-லிருந்து நான்கு வருடம் பில் போடும் வேலை பார்த்தேன். கடையின் பெயர் வேண்டாம். எனக்கு மூன்றாம் மாடி, சேலையும் சுடிதார் துணியும். அந்த மாடியில் முப்பது பேருக்கு மேல் இருந்தோம், அதில் நாற்காலி இருந்தது எனக்கும் பக்கத்துக் கவுன்டர்காரருக்கும் மட்டும்தான், மற்றவர்கள் காலை ஒன்பதரைக்கு ஏறினால் ராத்திரி கடை அடைக்கும்வரை நின்றபடிதான், சாப்பிட இறங்கும் அரை மணி நேரம் தவிர.

சேர்ந்த அன்றே ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு பாய், ஒரு தலையணை கொடுத்தார்கள். ஊருக்கு வந்து ஆள் எடுப்பவர் 'சாப்பாடு, தங்குற இடம் எல்லாம் கடையே பார்த்துக்கும்' என்று சொல்லும்போது அம்மாக்களுக்கு அதுதான் பெரிய நிம்மதி. என் அம்மாவும் அதை நம்பித்தான் அனுப்பினார். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது, ஒரு வருடம்வரை.

எங்கள் கடையில் ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். அருப்புக்கோட்டைப் பக்கம். அண்ணன் கீழே வேட்டி செக்‌ஷன், அக்கா எங்கள் மாடியில் சுடிதார் துணி. கல்யாணமாகி இரண்டு வருடம். ஆனால் அண்ணன் படுப்பது குடோன் மேலே ஆண்கள் தங்கும் ஹாலில், அக்கா இரண்டு தெரு தள்ளிப் பெண்கள் விடுதியில். ராத்திரி பத்தரைக்கு அங்கே கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வார விடுமுறை செக்‌ஷன் வாரியாக என்பதால் அண்ணனுக்குச் செவ்வாய், அக்காவுக்கு வியாழன். வெளியே ஒரு ரூம் எடுக்கலாம் என்றால் அட்வான்ஸே பத்து மாத வாடகை கேட்டார்கள், அதோடு வெளியே தங்கினாலும் கடைச் சாப்பாட்டுக்கு ஈடாகச் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட ஏற்றித் தரமாட்டார்கள். இரண்டு பேர் சம்பளத்திலும் ஊருக்கு அனுப்பியது போக மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. என் கவுன்டரின் கீழ் டிராயர்தான் அவர்களுக்குத் தபால் பெட்டி. தலைவலி மாத்திரை, பிஸ்கட் பாக்கெட், ஒரு முறை மல்லிகைப்பூ, எல்லாம் அதில் வைத்து எடுத்துக்கொள்வார்கள்.

'அங்காடித் தெரு' வந்தது 2010-ல். வசந்தபாலன் இயக்கி, ஜெயமோகன் வசனம் எழுதிய படம், சென்னை ரங்கநாதன் தெருவின் ஜவுளிக்கடையில் வேலை செய்யும் பையனும் பெண்ணும் பற்றியது. எங்கள் முதலாளி வீட்டில் ஒரு துக்கம், கடையை மதியத்தோடு அடைத்துவிட்டார்கள், நாங்கள் ஏழு பேர் சாயங்காலக் காட்சிக்குப் போனோம். அண்ணனும் அக்காவும் வந்திருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கின காலைச் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டார்.

மெஸ்ஸில் சோற்றுக்கு அடித்துப் பிடித்து நிற்கும் காட்சி வந்தபோது எங்கள் வரிசையே சிரித்தது, 'இது நம்ம மெஸ்ஸுடா' என்று ஒருத்தன் கத்தினான். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஜோதிலிங்கமும் கனியும் ஒரு ராத்திரி கடைக்குள்ளேயே மாட்டிக்கொள்வது, அது கேமராவில் பதிந்து வெளியே தள்ளப்படுவது, நடைபாதையில் மற்றவர்களோடு படுத்திருக்கும்போது வண்டி ஏறி கனியின் கால்கள் போவது. கனியாக நடித்த அஞ்சலியைவிட, பக்கத்தில் அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அந்த முடிவைப் பற்றி, தேவையில்லாத சோகம், அழவைக்க வேண்டுமென்றே விபத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வண்டி ஏறியது தற்செயலாக இருக்கலாம், அவர்கள் அங்கே படுத்திருந்தது தற்செயல் இல்லை. வேலையும் சோறும் படுக்கையும் ஒரே ஆள் கையில் இருந்தால், வேலை போகிற அன்று ராத்திரியே மற்ற இரண்டும் போய்விடும். படத்தில் சூப்பர்வைசர் அடிப்பதைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். எங்கள் கடையில் யாரும் அடித்ததில்லை. அடிக்கத் தேவையும் இருக்கவில்லை, பாய் அவர்களுடையது, அது போதும்.

படம் வருவதற்கு முந்தின தீபாவளி சீசனில் எங்கள் மாடியில் ஒரு சேலை கணக்கில் குறைந்தது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் மேல் பழி போட்டார்கள். எட்டு மணிக்குக் கணக்கு முடித்தார்கள், ஒன்பதுக்குள் தட்டு, பாய், தலையணையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். 'இன்னிக்கு ஒரு ராத்திரி உங்க பக்கத்துல படுத்துக்கவாண்ணே' என்று என்னிடம் கேட்டான். நான் படுப்பதும் கடைப் பாயில்தான், கூட்டிப்போனால் என் வேலையும் போகும். அவன் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அந்த ராத்திரியைக் கழித்தான். சேலை இரண்டு நாள் கழித்து வேறொரு பண்டலுக்குள் கிடைத்தது. அவனைத் தேடிப்பிடித்துச் சொல்ல யாரும் முயற்சி எடுக்கவில்லை, நானும்தான். அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை.

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் விஜி என்பவரோடு சேர்ந்து உட்காரும் உரிமைக்காக வருடக்கணக்கில் போராடி, கேரளாவில் 2018-ல் சட்டத்தையே திருத்த வைத்தார்கள். தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். செய்தியைப் படித்தபோது அக்காவின் கால்தான் கண்ணில் வந்தது. நல்ல சட்டம், பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் எத்தனை பேர் காலில் நரம்பு சுருட்டாமல் இருந்திருக்கும். ஆனால் அது பேசுவது இருக்கையைப் பற்றி. பாயைப் பற்றி இல்லை.

அன்று படம் முடிந்து வெளியே வந்து டீ குடிக்கும்போது அக்கா அண்ணனிடம் கேட்டது ஒரே கேள்வி: 'நம்மள அனுப்பிட்டா எங்க போய் படுப்போம்?' அண்ணன் பதில் சொல்லவில்லை. 'வா, கேட்டப் பூட்டிருவாங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு விடுதிவரை கூடவே நடந்து போனார்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் ஊருக்கு அனுப்பும் பணத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள், அண்ணன் விடுமுறை நாளில் கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போனார், நானும் என் பங்குக்குக் கடனாகக் கொஞ்சம் கொடுத்தேன். 2011 ஆரம்பத்தில் வில்லாபுரத்தில் தகரம் போட்ட ஒற்றை அறை ஒன்று கிடைத்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுப் போய்ப் பார்த்தேன். ஸ்டவ் இன்னும் வாங்கவில்லை, பக்கத்து வீட்டில்தான் சமைத்திருந்தார் அக்கா. அறையில் இருந்தது ஒரு தண்ணீர்க் குடம், இரண்டு துணிப்பை, சுவரில் சாய்த்து வைத்த புதுக் கோரைப்பாய். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா அதை எடுத்து விரித்துவிட்டு, 'உக்காரு தம்பி' என்றார்.