பல்லடைப்புக்குக் கீழே உயிரோடிருக்கும் செல்கள்

பிடுங்கிய ஞானப் பல் ஒன்றைப் பிளந்தால், கல் போன்ற அந்தப் பொருளின் நடுவே ஈரமான நூல் துண்டைப் போல இளஞ்சிவப்பாக ஒரு சதை இழை கிடக்கும். அதுதான் பற்கூழ். அதைப் பொடியாக நறுக்கி, நொதியில் ஊறவைத்து, வளர்ப்பு ஊடகத்தில் விட்டால், சில நாட்களில் இரு முனையும் கூர்ந்த நீள் வடிவச் செல்கள் கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு, கூட்டம் கூட்டமாகப் பெருகத் தொடங்கும். ஆய்வகத்தில் எத்தனை முறை பார்த்தும் எனக்கு அலுக்காத காட்சி இது. இவற்றுள் ஸ்டெம் செல்கள், அதாவது தேவைப்படும்போது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள், இருப்பதை 2000ஆம் ஆண்டில் ஸ்டான் கிராந்தோஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள்.

சொத்தை ஆழமாகி, பற்கூழின் ஓரத்தில் வரிசையாக நின்று, அதைச் சூழ்ந்திருக்கும் கடினத் திசுவான டென்டினைச் சுரக்கும் செல்கள் மடிந்துபோனால், அந்த இடத்துக்கு ஸ்டெம் செல்கள் நகர்ந்து வந்து புதிய டென்டினை உருவாக்குகின்றன. எனவே அடைப்புப் பொருளை வெறும் சாந்தாகக் கருத என்னால் முடியவில்லை. அதிலிருந்து கசிவது எதுவாயினும் முதலில் சென்று சேருவது, பழுது பார்க்க வந்திருக்கும் இந்தச் செல்களைத்தான்.

பல்லின் நிறத்திலேயே இருக்கும் ரெசின் அடைப்பையே எடுத்துக்கொள்வோம். நீல ஒளி பட்டு அது இறுகும்போது எல்லா மூலக்கூறுகளும் சங்கிலியில் சேர்ந்துவிடுவதில்லை. ரெசினில் உள்ள டெக்டிஎம்ஏ, அதைப் பல்லோடு பிணைக்கும் பசையில் உள்ள ஹீமா ஆகிய சிறிய மூலக்கூறுகளில் ஒரு பகுதி பிணையாமல் தங்கி, டென்டினில் உள்ள நுண்குழாய்கள் வழியாகப் பற்கூழை நோக்கி ஊடுருவுகிறது. அங்கே அவை செல்லின் காப்புப் பொருளான குளூட்டாதயோனைக் குறைக்கின்றன. ஆக்சிஜன் சார்ந்த தீவிர மூலக்கூறுகள் பெருகுகின்றன. அளவு கூடினால் செல் மடிகிறது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது கொல்லாத அளவுதான். குறைந்த அளவில் ஹீமா கலந்த கிண்ணத்தில் செல்கள் நன்றாகவே ஒட்டியிருக்கும். நுண்ணோக்கியில் குறை எதுவும் தெரியாது. ஆனால் கனிமம் படிய உதவும் ஊடகத்தில் மூன்று வாரம் வளர்த்து, படிந்த கால்சியத்தைச் சிவப்பாகக் காட்டும் அலிசரின் சாயத்தை ஊற்றிக் கழுவினால், ஹீமா இல்லாத கிண்ணம் செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்திருக்க, மற்றது வெளிறிக் கிடக்கும். செல் உயிரோடு இருக்கிறது, ஆனால் தன் வேலையைச் செய்வதில்லை. ஒரு பொருளைப் பாதுகாப்பானது என்று சொல்வதற்கு முன் இந்தச் சோதனையையும் அது கடந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாறாக, 1920இல் ஹெர்மன் அறிமுகப்படுத்திய கால்சியம் ஹைட்ராக்சைடு, தொட்ட இடத்தைத் தன் காரத்தால் சற்றே கருக்கினாலும், அதற்கு அடியில் டென்டின் பாலம், அதாவது திறந்த பற்கூழை மூடும் புதிய டென்டின் அடுக்கு, உருவாகத் தூண்டுகிறது. அந்தப் பாலத்தில் துளைகள் விழுவதும், பொருள் நாளடைவில் கரைவதும் அதன் குறைகள். 1990களில் வந்த எம்டிஏ, பிறகு வந்த பயோடென்டின் ஆகிய பல் சிமென்டுகள் கால்சியம் சிலிகேட்டால் ஆனவை. இறுகும்போது கால்சியத்தை வெளியிட்டு, டென்டினுக்குள் புதைந்திருக்கும் டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகளையும் விடுவிக்கின்றன. பற்கூழ் திறந்துவிட்ட பல்லில் முதலில் இவற்றையே நாட வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

கிண்ணத்தில் கண்டது அப்படியே வாயிலும் நிகழும் என்று சொல்ல முடியாது. உயிருள்ள பல்லில் இரத்த ஓட்டம் நச்சை அடித்துச் செல்கிறது. இடையில் அரை மில்லிமீட்டர் டென்டின் எஞ்சியிருந்தாலே தாக்கம் வெகுவாகக் குறைகிறது. கிருமிகளின் பங்கோ இதைவிடப் பெரிது. 1965இல் காகெஹாஷியும் சகாக்களும் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டபோது, அதில் உணவு புகுந்தும் டென்டின் பாலம் உருவானது. சாதாரண எலிகளிலோ பற்கூழ் அழுகிப்போனது. ஆகவே கசிவில்லாமல் மூடுவதும் ஸ்டெம் செல்களைக் காக்கும் வேலைதான்.

ரெசினை மெல்லிய அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் முழு நேரம் ஒளியூட்ட வேண்டும் என்று வற்புறுத்துவதும் இதற்காகவே. ஆழமான குழியில் விளக்கின் முனைக்கு மிகத் தொலைவில் இருக்கும் அடி அடுக்குதான் அரைகுறையாக இறுகக்கூடியது. பற்கூழுக்கு மிக அருகில் இருப்பதும் அதே அடுக்குதான்.