9.8 வரவில்லை என்றால் ரீடிங்கை அழிக்காதீர்கள்

பி.எஸ்சி. முதல் வருடம், தனி ஊசல் பிராக்டிகல். எனக்கு g (புவியீர்ப்பு முடுக்கம், மீ/நொடி²) 9.62 வந்தது. பக்கத்து பெஞ்சில் எட்டிப் பார்த்து, இரண்டு மூன்று ரீடிங்கை அழித்து எழுதி, ஒருவழியாக 9.8 ஆக்கிவிட்டேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கேட்டது ஒன்றுதான்: "9.8 சரிப்பா, பிளஸ் ஆர் மைனஸ் எவ்வளவு?" திருதிருவென்று முழித்தேன்.

நீங்கள் முழிக்காமல் இருக்க, பின்னாளில் அதே சோதனையை ஒழுங்காகச் செய்த கணக்கைச் சொல்கிறேன். ஸ்டாப்வாட்ச் 0.01 நொடி காட்டுகிறது என்பதற்காகப் பிழையும் 0.01 என்று எழுதிவிடாதீர்கள், கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள்ளேயே 0.2 நொடி போய்விடும். அதனால்தான் ஒரு அலைவை அளக்காமல் 20 அலைவுகளைச் சேர்த்து அளக்கிறோம். ஐந்து முறை எடுத்தேன்: 40.12, 40.31, 40.05, 40.22, 40.18. சராசரி 40.18, திட்ட விலக்கம் (ரீடிங்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது) 0.10, ஐந்து ரீடிங் என்பதால் அதை √5 ஆல் வகுத்தால் 0.04. ஆக நேரத்தில் 0.11 சதவீதப் பிழை. g = 4π²L/T² என்ற சூத்திரத்தில் (L நீளம், T ஒரு அலைவுக்கான நேரம்) T இருமடியில் இருப்பதால் அது 0.22 ஆகிறது. நீளம் 100.0 செ.மீ., அதில் 2 மி.மீ. தவறலாம் என்று வைத்தால் 0.2 சதவீதம். இரண்டையும் அப்படியே கூட்டாமல், வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 0.3 சதவீதம். விடை 9.78 ± 0.03. கால்குலேட்டர் காட்டுகிற எட்டு தசமமும் வேண்டாம், பிழைக்கு ஒரு இலக்கம் போதும், விடையையும் அதே இடத்தில் நிறுத்துங்கள். (சென்னையின் உண்மையான மதிப்பே 9.78 பக்கம்தான், நாங்கள் வகுப்போடு 9.8-க்கு அடித்துக்கொண்டோம்!)

சூத்திரத்தில் எந்த அளவு எத்தனை மடியில் வருகிறது என்ற அடுக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். யங் குணக சோதனையில் (சட்டத்தை வளைத்து அதன் விறைப்பை அளப்பது) சட்டத்தின் தடிமன் மும்மடியில் வரும். 6 மி.மீ. தடிமனை வெர்னியரில் அளந்தால் 0.1 மி.மீ. பிழை 1.7 சதவீதம், விடையில் 5 சதவீதம். 0.01 மி.மீ. வரை காட்டும் திருகு அளவியில் அளந்தால் விடையில் அரை சதவீதம்தான். நேரம் குறைவாக இருந்தால் மற்றதில் அவசரப்படுங்கள், தடிமனில் வேண்டாம்.

அந்த 9.62? 60 செ.மீ. நூலை மட்டும் அளந்துவிட்டு, குண்டின் ஆரம் 1 செ.மீ.யைச் சேர்க்க மறந்திருந்தேன். ஐந்து முறை என்ன, ஐம்பது முறை எடுத்திருந்தாலும் அதே 9.62தான் வந்திருக்கும்.