ஹேகியா சோபியாவுக்கு முட்டுக் கொடுத்தவர்கள்

இஸ்தான்புல் போகிறவர்களிடம் நான் ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன். ஆறாம் நூற்றாண்டில் தேவாலயமாகக் கட்டி, இன்று மசூதியாக இருக்கும் ஹேகியா சோபியாவுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால், வெளியே ஒரு சுற்று நடந்துவிடுங்கள். டிராமில் சுல்தான்அகமெத் நிறுத்தத்தில் இறங்கியதும் எல்லோரும் நேரே வரிசையில் போய் நிற்கிறார்கள். அந்தக் கட்டடத்தின் கதையில் பாதி வெளியேதான் இருக்கிறது. படங்களில் வழவழவென்று தெரியும் அது, கிட்டப் போனால் கரடுமுரடானது. வெளிறிய சிவப்புப் பூச்சு, அதன்மேல் ஈயத் தகடு போர்த்திய குவிமாடங்கள், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்கும் மலை மலையான முட்டுச்சுவர்கள். ஒன்று செங்கல், இன்னொன்று கல், ஒன்று செங்குத்தாக ஏறுகிறது, ஒன்று சரிந்து இறங்குகிறது. ஒரே ஆள் போட்ட திட்டம் இல்லை இது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

என்னோடு வந்த தம்பி சைட் இன்ஜினியர். அவன் குவிமாடத்தைப் பார்க்கவே இல்லை. "இவ்வளவு முட்டுக் கொடுத்திருக்காங்கன்னா உள்ளே ஏதோ தள்ளுதுக்கா" என்றான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அன்று முழுக்கச் சுற்றினோம்.

கதை கலவரத்தில் தொடங்குகிறது. கி.பி. 532 ஜனவரியில் கான்ஸ்டான்டினோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், நிகா கலவரம் வெடித்து, அங்கே இருந்த பழைய தேவாலயம் எரிந்து போனது. கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் கலவரத்தை ரத்தத்தில் அடக்கினார். தீப்பிடித்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதே இடத்தில் புதிய கட்டட வேலை தொடங்கிவிட்டது. பொறுப்பை அவர் கொடுத்தது டிராலஸ் ஊர் அந்தெமியஸுக்கும் மிலேட்டஸ் ஊர் இசிடோருக்கும். இருவரும் வடிவக் கணிதம் படித்தவர்கள். அந்தெமியஸ் கண்ணாடிகளைக் குவித்து நெருப்பு மூட்டுவதைப் பற்றி எழுதியவர், இசிடோர் ஆர்க்கிமிடீஸின் நூல்களைத் தொகுத்து வைத்தவர். 537 டிசம்பர் 27 அன்று தேவாலயம் திறக்கப்பட்டது. ஐந்து ஆண்டு, பத்து மாதம்! ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்களில் பல, நூறு இருநூறு ஆண்டு இழுத்தவை என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட சவால், வட்டமான குவிமாடத்தைச் சதுரமான இடத்தின்மேல் உட்கார வைப்பது. ரோமில் உள்ள பழங்கோயிலான பாந்தியனில் கீழே சுவரும் வட்டம், மேலே மாடமும் வட்டம், அதனால் சிக்கல் இல்லை. இங்கே நான்கு மூலையில் நான்கு பெருந்தூண், அவற்றுக்கு இடையில் நான்கு வளைவு, அதற்கு மேலே வட்டம் வர வேண்டும். நடுவில் மிஞ்சும் மூலைகளை எதைக் கொண்டு நிரப்புவது? ஒரு தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்து, நான்கு பக்கமும் செங்குத்தாகச் சீவிவிடுங்கள். பிறகு உச்சியையும் படுக்கைவாட்டில் வெட்டி எடுத்துவிடுங்கள். மூலைக்கு ஒன்றாக நான்கு வளைந்த முக்கோணங்கள் மிஞ்சும், அவற்றின் மேல் விளிம்பு சேர்ந்து ஒரு வட்டமாகும். பெண்டென்டிவ் என்பது அந்த முக்கோணம்தான். சின்ன அளவில் அதற்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 31 மீட்டர் அகலமுள்ள மாடத்தை அதன்மேல் ஏற்றத் துணிந்தது இவர்கள் இருவரும்தான்.

சரி, உள்ளே போவோம். இடையில் அருங்காட்சியகமாக இருந்த ஹேகியா சோபியா 2020ல் மறுபடி மசூதியானது. 2024 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தனி வாசல், 25 யூரோ கட்டணம், மேல்மாடம் மட்டும். கீழ்த்தளம் தொழுகைக்கு. இதில் பலருக்குக் குறை உண்டு. எனக்கென்னவோ மேல்மாடமே போதும், கட்டடத்தைப் புரிந்துகொள்ள அதுதான் சரியான இடம். ஏறுவது கல் பாவிய சரிவுப் பாதையில், திரும்பித் திரும்பிப் போகிறது. நூற்றாண்டு நூற்றாண்டாக ஆட்கள் மிதித்து மழமழவென்று தேய்ந்த கற்கள், பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொண்டு போவது நல்லது.

மேலே வந்து கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றால், குவிமாடம் ஒரேயடியாகக் கண்ணில் விழுகிறது. தரையிலிருந்து அதன் உச்சி சுமார் 55 மீட்டர். அடி விளிம்பைச் சுற்றி வரிசையாக 40 ஜன்னல்கள். அந்த ஜன்னல் வெளிச்சம் இடையிலுள்ள கற்களை விழுங்கிவிடுவதால், மாடம் எதன்மேலும் படாமல் நிற்பதாகத் தோன்றுகிறது. கட்டிய காலத்திலேயே அதைப் பார்த்து எழுதிய வரலாற்றாசிரியர் புரோகோபியஸும், வானத்திலிருந்து தொங்கவிட்டது போல இருக்கிறது என்றுதான் வியந்திருக்கிறார். மூலை முக்கோணங்களில் ஆறு சிறகுள்ள தேவதூதர்கள். கிழக்கில் உள்ள இரண்டும் மொசைக், மேற்கில் உள்ள இரண்டும் அவற்றைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் வரைந்த ஓவியம். முகங்களை மூடியிருந்த உலோகத் தகடுகளில் ஒன்றை 2009ல் கழற்றினார்கள், அதனால் ஒரு முகம் மட்டும் தெரிகிறது. அதற்குப் பக்கத்திலேயே அல்லாஹ், முகமது பெயர்கள் எழுதிய ஏழரை மீட்டர் விட்டமுள்ள பெரிய வட்டப் பலகைகள். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கக் கிடைப்பது இந்த உயரத்தில்தான்.

தம்பி அப்போதும் குவிமாடத்துக்கு வரவில்லை. "அக்கா, இந்தத் தூணைப் பாரு" என்று மேல்மாடத்தின் பச்சைத் தூண் ஒன்றின் அருகே என்னை இழுத்து நிறுத்தினான். பார்த்தேன். தூண் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒன்றைக் கவனித்த பிறகு மற்றவையும் தெரிய ஆரம்பித்தன. சாய்ந்த தூண்கள், அவற்றின் தலையில் வலைப்பின்னல் போலக் குடைந்த பளிங்கு இலைகள், கொஞ்சம் கோணிப்போன வளைவுகள், மேடு பள்ளமான தரை. உள்ளே தள்ளியது என்ன என்பதற்கு அதுதான் பதில். குவிமாடத்தின் கனம் கீழ்நோக்கி மட்டும் இறங்குவதில்லை, பக்கவாட்டிலும் உதைக்கிறது. கிழக்கிலும் மேற்கிலும் பெரிய அரைக் குவிமாடங்கள் இருந்து அந்த உதையை வாங்கிக்கொள்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் அப்படித் துணை இல்லை, வளைவும் முட்டும்தான். கட்டடம் நெளிந்ததும் அந்தத் திசைகளில்தான்.

இதில் வேகத்துக்கும் பங்கு உண்டு. சுண்ணாம்போடு செங்கல் தூள் சேர்த்த கலவை அது, நம் கொத்தனார்கள் சுர்க்கி என்று சொல்வார்களே, அந்த வகை. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் செங்கல் அளவு கனத்துக்கு அதைப் போட்டிருக்கிறார்கள். மெதுவாக இறுகும் கலவை. ஐந்தாறு ஆண்டில் மளமளவென்று மேலே ஏற்றினால், அடியில் உள்ள கலவை முழுதாக இறுகும் முன்பே தலையில் பாரம் வந்துவிடும். தூண்கள் சாய்ந்ததற்கும் வளைவுகள் கோணியதற்கும் பெரும்பங்கு காரணம், கட்டும்போதே ஏற்பட்ட இந்த நெளிவு என்பதுதான் ஆராய்ந்தவர்களின் கருத்து. அதற்குமேல் இது நிலநடுக்க பூமி. மர்மரா கடலுக்கு அடியில் வட அனடோலிய நிலப்பிளவு ஓடுகிறது. 553லும் 557லும் நிலம் அதிர்ந்தது. 558 மே மாதம் குவிமாடம் விழுந்தது. ஜஸ்டினியன் உயிரோடு இருக்கும்போதே.

ஆக, நாம் அண்ணாந்து வியப்பது அந்தெமியஸின் குவிமாடத்தை அன்று. அவர் அதற்குள் இறந்துவிட்டார். இசிடோரின் உடன்பிறந்தார் மகனான இளைய இசிடோர்தான் திரும்பக் கட்டினார். பழைய மாடம் தட்டையாக இருந்தது, தட்டையாக இருந்தால் பக்கவாட்டு உதை அதிகம். அவர் அதைச் சுமார் ஆறு மீட்டர் உயர்த்தி, விலா எலும்பு போல 40 தாங்கு வளைவுகளும் கொடுத்தார். 562ல் வேலை முடிந்தது. அதோடும் தீரவில்லை. 989 நிலநடுக்கத்தில் மேற்குப் பக்கம் சரிந்தது. அதைச் சீர்செய்தவர் ஆர்மீனியாவின் ஆனி நகரத்துத் தேவாலயத்தைக் கட்டிய திர்தாத், 994ல் முடித்தார். 1346ல் கிழக்குப் பக்கம் விழ, அதையும் திரும்பக் கட்டினார்கள். இப்போது வடக்கிலும் தெற்கிலும் இருப்பது ஆறாம் நூற்றாண்டு வேலை, மேற்கு பத்தாம் நூற்றாண்டு, கிழக்கு பதினான்காம் நூற்றாண்டு. உற்றுப் பார்த்தால் வட்டமும் சரியான வட்டமாக இல்லை, ஒரு பக்கம் சற்றே நீண்டிருக்கிறது. இது தெரிந்த பிறகு எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் மதிப்பு கூடியது. ஜஸ்டினியன் பெயர் எல்லோருக்கும் தெரியும். திர்தாத்தின் பெயரை அங்கே நின்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? விழுந்த பாதியை, நிற்கும் பாதியோடு பொருந்தும்படி அந்த உயரத்தில் கட்டிச் சேர்ப்பது, புதிதாகக் கட்டுவதைவிடக் கடினமான வேலை என்று தம்பி சாதித்தான். நானும் ஒப்புக்கொள்கிறேன்.

வெளியே பார்த்த முட்டுச்சுவர்களும் இப்படிக் காலம் காலமாகச் சேர்ந்தவைதான். 1317ல் பேரரசர் இரண்டாம் ஆண்ட்ரோனிக்கோஸ் வடக்கிலும் கிழக்கிலும் கட்ட வைத்தார். 1453ல் நகரம் உஸ்மானியர் கைக்கு வந்து, தேவாலயம் மசூதியானது. ஆட்சியும் மதமும் மாறின, முட்டுக் கொடுக்கும் வேலை மட்டும் நிற்கவில்லை. 1573ல் சுல்தான் இரண்டாம் செலிம் காலத்தில் அந்த வேலை வந்து சேர்ந்தது உஸ்மானியரின் தலைமைக் கட்டடக் கலைஞர் மிமார் சினான் கைக்கு. கட்டடத்தோடு ஒட்டிக் கட்டியிருந்த வீடுகளை அகற்றி, புதிய முட்டுச்சுவர்களை எழுப்பி நிறுத்தினார். பிறகு 1847 முதல் 1849 வரை ஃபொசாட்டி சகோதரர்கள் என்ற கட்டடக் கலைஞர்கள் வந்து, குவிமாடத்தின் அடியில் இரும்புச் சங்கிலி கட்டி, சாய்ந்த சில தூண்களை நிமிர்த்தினார்கள். நாங்கள் போனபோதும் ஒரு மினாரைச் சுற்றிச் சாரம் நின்றது.

சினானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கைசேரி பக்கத்தில் ஒரு கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். உஸ்மானியப் படைக்கு எடுக்கப்பட்டு, போர்களில் பாலம் கட்டிப் பழகி, ஐம்பது வயதை ஒட்டித்தான் தலைமைக் கட்டடக் கலைஞர் ஆனார். அதற்குப் பிறகு 1588ல் இறக்கும்வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு, மூன்று சுல்தான்களுக்குக் கட்டினார். அந்தக் காலம் முழுக்க அவர் கண் முன்னால் நின்றது ஹேகியா சோபியா. அது எங்கே நெளிந்தது, எங்கே உதைத்தது என்று அவர் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு.

அதனால்தான் அதே நாளில், சுல்தான் சுலைமானுக்காகச் சினான் கட்டிய சுலைமானியே மசூதிக்கும் நடந்துவிட வேண்டும் என்கிறேன். டிராம் பாதையை ஒட்டிப் பெயாசித் வரை போய், பல்கலைக்கழக மதிலைச் சுற்றி, பாத்திரக் கடைகள் நிறைந்த சந்துகள் வழியாகக் குன்றின் மேலே வரலாம். மசூதிக்கு எதிரே ஒரு வரிசை முழுக்க குரு ஃபசூலியே கடைகள். வெள்ளை பீன்ஸைத் தக்காளி விழுதும் வெண்ணெயும் சேர்த்து நேரம் எடுத்து வேகவைத்து, சோற்றோடும் ஊறுகாயோடும் தருகிறார்கள். கூட ஒரு டம்ளர் அய்ரான், அதாவது உப்புப் போட்ட மோர். ஊர் சாப்பாட்டை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு இஸ்தான்புல்லில் இதைவிடத் தோதான சாப்பாடு கிடையாது. அந்தக் கடைகள் இருப்பதே மசூதியோடு சேர்த்துச் சினான் கட்டிய பள்ளிகளின் வரிசையில்தான்.

சுலைமானியே 1550ல் தொடங்கி 1557ல் முடிந்தது. அமைப்பு அப்படியே ஹேகியா சோபியாதான். நான்கு பெருந்தூண், நடுவில் குவிமாடம், இரு பக்கம் அரைக் குவிமாடம். ஆனால் உள்ளே நுழைந்ததும் மனதில் படுவது வேறு. ஹேகியா சோபியாவில் இரு பக்கமும் தூண் வரிசைக்குப் பின்னால் இருட்டுக் கூடங்கள் இருக்கின்றன, நடுக்கூடம் தனியாக நிற்கிறது. இங்கே பெருந்தூண்களுக்கு இடையில் பக்கத்துக்கு இரண்டே தூண்கள். ஒற்றைக்கல்லில் ஆன பிரம்மாண்டமான தூண்கள், ஒன்று அலெக்சாண்ட்ரியாவிலிருந்தும் ஒன்று பால்பெக்கிலிருந்தும் வந்ததாகச் சொல்கிறார்கள். அதனால் சுவரிலிருந்து சுவர் வரை ஒரே இடமாக விரிந்து கிடக்கிறது, எங்கே உட்கார்ந்தாலும் முழுசும் தெரிகிறது. அழகு வேலைப்பாடும் அளவோடுதான். இஸ்னிக் ஊரின் வண்ணச் சுவர் ஓடுகள், மக்காவின் திசையைக் காட்டும் கிப்லா சுவரில் மட்டும்.

முட்டுச்சுவர் எங்கே என்று தேடினோம். இருக்கிறது, ஆனால் பிற்பாடு கொண்டுவந்து ஒட்டியதாக இல்லை. சினான் அதைத் திட்டத்திலேயே சேர்த்து, பாதியைச் சுவருக்கு உள்ளேயும் பாதியை வெளியேயும் வைத்து, வெளிப் பாதிகளுக்கு நடுவில் இரண்டு அடுக்குத் தாழ்வாரம் ஓடவிட்டிருக்கிறார். நிழலுக்கு அங்கே உட்காருகிறவர்களுக்கு, சாய்ந்திருப்பது முட்டுச்சுவரின்மேல் என்றே தெரியாது. தம்பி அந்தத் தாழ்வாரத்தில் அங்கும் இங்கும் நடந்து, தூண்களுக்கு இடையே கையால் அளந்து பார்த்துக்கொண்டே இருந்தான். எண்ணெய் விளக்குப் புகையைக் காற்றோட்டத்தால் வாசலுக்கு மேலுள்ள ஓர் அறைக்கு இழுத்து, அங்கே படிந்த கரியில் எழுதும் மை செய்தார்கள் என்பதும் இங்கே எல்லோரும் சொல்லும் கதை. 1766 நிலநடுக்கத்தில் இதன் குவிமாடமும் ஒரு பகுதி விழுந்து, திரும்பக் கட்டப்பட்டதுதான்.

சினானின் கல்லறை வளாகத்துக்கு வெளியே, சந்து முனையில் சின்னதாக இருக்கிறது. சுல்தான் சுலைமானுடைய பெரிய சமாதியைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள், தேடித்தான் போக வேண்டும். அங்கே பொறித்திருக்கும் பாடல், முந்நூறுக்கு மேல் கட்டடங்கள் கட்டிய மனிதரின் மசூதிகளோடு, அவர் கட்டிய பியூக்செக்மெஜே பாலத்தையும் எடுத்துச் சொல்கிறது.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். சுலைமானியேக்குக் கட்டணம் இல்லை, தொழுகை நேரம் மட்டும் தவிர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு இடத்துக்குமே போகாதீர்கள். இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் பஸ் பிடித்து எடிர்னே போங்கள். எண்பதை நெருங்கும் வயதில் சினான் தொடங்கிய செலிமியே மசூதி அங்கே இருக்கிறது. நான்கு தூணை விட்டு எட்டுத் தூணுக்கு மாறி, இரு பக்கமும் பெரிய அரைக் குவிமாடம் வைப்பதையும் விட்டுவிட்டு, ஹேகியா சோபியா அகலத்துக்கு ஒரு குவிமாடத்தை ஏற்றிக் காட்டியிருக்கிறார். நாங்கள் இன்னும் அங்கே போகவில்லை. தம்பி அடுத்த லீவுக்கு இப்போதே திட்டம் போட்டு வைத்திருக்கிறான்.