அந்தக் கட்டத்தை நிரப்பியவர் யார்?

பொதுத்துறை வங்கி ஒன்றில் முப்பத்தேழு ஆண்டுகள் பணியாற்றி 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வு பெற்றேன். முதல் பன்னிரண்டு ஆண்டுகள் காவிரிப் படுகைக் கிளைகளில் எழுத்தராகவும் அலுவலராகவும் கழிந்தன. மீதமுள்ளவற்றில் பெரும்பகுதி, வேறு மாநிலத்தில் இருந்த எங்கள் தலைமை அலுவலகத்தின் கணினித் துறையில் கழிந்தது. தகவல் தொழில்நுட்பம் வணிக உத்தியோடு இசைந்து செல்ல வேண்டும் என்ற வாக்கியம் இடம்பெறாத ஆண்டுத் திட்டக் கூட்டம் எதிலும் நான் அமர்ந்ததில்லை. ஆயினும் அந்த இசைவு எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதைக் கூட்டங்கள் எனக்குக் கற்றுத் தரவில்லை. அதைக் கற்பித்தது, விரிதாள் ஒன்றில் யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு கட்டம்.

நான் பணியில் சேர்ந்த 1986இல் எங்கள் கிளையில் எல்லாம் லெட்ஜர்தான். ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிகளை இயந்திரமயமாக்குவது பற்றித் தன் அறிக்கையை அளித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நகரத்துப் பெரிய கிளைகளுக்கு லெட்ஜர் பதியும் இயந்திரங்கள் வரத் தொடங்கியிருந்தன. எங்கள் ஊருக்கு அவை பற்றிய செய்தி மட்டுமே வந்தது. மாதக் கடைசியில் கணக்குகளைக் கூட்டி இருப்புச் சரிபார்க்கும்போது பத்துப் பைசா இடித்தாலும் விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்து தேடுவோம். அந்த உழைப்பில் ஒரு நன்மை இருந்தது. எந்தக் கணக்குக்கு எப்போது வட்டி போட வேண்டும், யாருக்கு எந்தப் பருவத்தில் நோட்டீஸ் அனுப்பலாம், எப்போது அனுப்பக்கூடாது என்பதெல்லாம் கிளையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. வங்கியின் வணிக உத்தி எந்தக் கோப்பில் இருந்ததோ நான் அறியேன். அதன் நடைமுறை எங்கள் தலைக்குள் இருந்தது.

1998 நவம்பரில், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல், பொதுத்துறை வங்கிகள் 2001 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் தம் வணிகத்தில் குறைந்தது 70 விழுக்காட்டைக் கணினிமயமாக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அவருடைய நோக்கம் தெளிவானது: பதிவுகள் கணினியில் இருந்தால் முறைகேட்டை மறைப்பது கடினம். அந்த உத்தரவு இல்லாமலிருந்தால் பல வங்கிகள் இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் தயங்கியிருக்கும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் எங்கள் தலைமை அலுவலகம் அதை ஒரு கணக்காகப் படித்தது. வணிகத்தில் 70 விழுக்காடு என்றால், வைப்புத்தொகையும் கடனும் மிகுந்த கிளைகளை இறங்குவரிசையில் அடுக்கி, கூட்டுத்தொகை 70ஐத் தொடும் இடத்தில் கோடு போட்டால் போதும். அந்தக் கோட்டுக்கு மேலே பெருநகரக் கிளைகள் நின்றன. கீழே கிராமக் கிளைகள் நின்றன. எந்தக் கிளையின் எந்த வேலை கணினியால் மாற வேண்டும் என்ற கேள்வியை அப்போது யாரும் எழுப்பியதாக எனக்கு நினைவில்லை. கணினித் துறைக்குப் புதிதாக வந்திருந்த நானும் எழுப்பவில்லை. குறித்த தேதிக்குள் குறித்த விழுக்காட்டை எட்டினோம், பாராட்டுக் கடிதமும் வந்தது. இந்தப் பழக்கம்தான், எண்ணை அடைந்துவிட்டால் நோக்கமும் நிறைவேறிவிட்டதாகக் கொள்ளும் பழக்கம்தான், பின்னால் கோர் பேங்கிங் வந்தபோதும் எங்களோடு வந்தது.

கோர் பேங்கிங்கை அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். அதற்கு முன் ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியாக ஒரு கணினி அமைப்பு இருந்தது. வாடிக்கையாளர் தம் கிளைக்கு மட்டுமே உரியவர். கோர் பேங்கிங்கில் எல்லாக் கிளைகளின் கணக்குகளும் ஒரே மையத் தரவுத்தளத்தில் அமர்கின்றன. ஃபினாக்கிள், பான்க்ஸ் போன்ற மென்பொருள்களை வாங்கும் வங்கி அவற்றை முதலிலிருந்து எழுதுவதில்லை. ஒவ்வொரு கடன் வகைக்கும் ஒரு குறியீடு கொடுத்து, வட்டி விகிதம் எவ்வளவு, வட்டியை எத்தனை நாளுக்கொருமுறை கணக்கில் ஏற்றுவது, தவணை எப்போது, எந்த நாளுக்குப் பின் நிலுவை என்று காட்டுவது என நூற்றுக்கணக்கான கட்டங்களை நிரப்பித் தருகிறது. வங்கி ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் மென்பொருள் நின்றுவிடாது. தன்னிடம் ஏற்கெனவே உள்ள மதிப்பை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு தன்மையில் அடங்கியிருக்கிறது. வணிகத் துறை எடுக்காமல் விட்ட முடிவு எடுக்கப்படாமலே இருப்பதில்லை. யாரோ ஒருவர், பெரும்பாலும் அந்த வணிகத்தையே அறியாத ஒருவர், எங்கோ ஒரு நாட்டில் ஒரு நாள் எழுதிவைத்த மதிப்பு அந்த முடிவாக மாறிவிடுகிறது.

எங்கள் வங்கியில் அந்தக் கட்டம் விவசாய நகைக்கடனில் இருந்தது. தமிழ்நாட்டில் கிளையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கடனை விளக்க வேண்டியதில்லை. நடவுக்கும் உரத்துக்கும் கூலிக்கும் பணம் வேண்டும். வீட்டில் இருக்கும் சங்கிலியோ வளையலோ கிளைக்கு வரும். சிட்டாவைப் பார்த்து, பயிரைக் குறித்துக்கொண்டு கடன் கொடுப்போம். ஆவணியில் வாங்கியவர் தை அறுவடை முடிந்து நெல்லுக்குப் பணம் கைக்கு வந்த பிறகு, மாசியில் வந்து மீட்டுக்கொண்டு போவார். அதன் பிணையம் நகை, நோக்கம் பயிர். தலைமை அலுவலகத்திலோ இந்த இரண்டும் இரு துறைகளாகப் பிரிந்திருந்தன: நகைக்கடன் சில்லறைக் கடன் துறையின் பொறுப்பு, பயிர்க்கடன் வேளாண் துறையின் பொறுப்பு. நிரப்ப வேண்டிய கட்டங்களின் பட்டியல் விரிதாளாகச் சில்லறைக் கடன் துறைக்குப் போனது, அவர்கள் தங்களுக்குத் தெரிந்த நகைக்கடனை நிரப்பினார்கள். வேளாண் துறைக்குப் போன பட்டியலில் நகைக்கடன் என்ற வரியே இல்லை. விவசாய நகைக்கடன் என்ற வரியைச் சேர்த்தது திட்டக் குழு. அதன் எதிரே வட்டி ஏற்றும் கால இடைவெளி என்ற கட்டம் காலியாக இருந்தது. மாதந்தோறும் என்ற மதிப்பு அதில் தானாக அமர்ந்தது.

2002 ஏப்ரல் 1 முதல் கடன்களுக்கு மாதந்தோறும் வட்டியை ஏற்றும்படி ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. விவசாயக் கடன்களுக்கு மட்டும் அது பொருந்தாது, பயிர்ப் பருவத்தை ஒட்டிய பழைய முறையே தொடர வேண்டும் என்றும் அதே ஏற்பாட்டில் சொல்லியிருந்தது. வாராக்கடன் என்று வகைப்படுத்துவதிலும் இதே வேறுபாடு உண்டு. மற்றக் கடன்களுக்குத் தொண்ணூறு நாள் நிலுவை. குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு இரண்டு பயிர்ப் பருவங்கள். இவையெல்லாம் எனக்குத் தெரியும். படுகைக் கிளையில் பன்னிரண்டு ஆண்டுகள் இதையே செய்தவன் நான். ஆயினும் அந்த விரிதாளின் கடைசிப் பக்கத்தில், திட்டக் குழுவின் சார்பில் சரிபார்த்தவன் என்ற இடத்தில் இருப்பது என் கையொப்பம். அந்த மாதத்தில் எத்தனை கிளைகளைப் புதிய முறைக்கு மாற்றினோம் என்று வாரந்தோறும் கேட்டார்கள். நானும் கிளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

விளைவு நான்கு மாதங்களில் தெரிந்தது. வட்டிக்கு வட்டி ஏறியிருந்தது. மாத வட்டி கட்டப்படாததால் கணக்குகள் நிலுவைப் பட்டியலுக்குள் வந்து விழுந்தன. அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து நோட்டீஸ் அச்சிடும் வசதியையும் நாங்களே பெருமையோடு செய்து கொடுத்திருந்தோம். அப்போது நான் வேறொரு வேலையாக என் பழைய கிளைக்குப் போயிருந்தேன். மேலாளரின் மேசைக்கு முன் ஓர் அம்மா நின்றிருந்தார். கையில் எங்கள் நோட்டீஸ்.

"ஐயா, இன்னும் கதிரே முத்தல. அதுக்குள்ள நகைய ஏலம் விடுறோம்னு காயிதம் அனுப்பிட்டீங்களே. இருபது வருஷமா இங்கதான வைக்கிறோம், ஒரு தடவையாவது திருப்பாம இருந்திருக்கோமா?"

மேலாளர் அவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "நீங்க கவலப்படாதீங்கம்மா, ஏலமெல்லாம் கிடையாது, அறுப்பு முடிஞ்சு வாங்க" என்று அனுப்பினார். பிறகு என்னிடம், "சார், கம்ப்யூட்டர் சொல்றதுக்கு நான் தினமும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். அந்தச் சொல்லை நான் இன்றும் சுமக்கிறேன். கம்ப்யூட்டர் எதையும் சொல்லவில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும்.

ஏற்றிய வட்டியைக் கணக்குக் கணக்காகத் திருப்பிப் போட மூன்று மாதங்களுக்கு மேல் ஆயிற்று. பிழையைத் தேடியபோது நடந்தது, பெரிய நிறுவனங்களை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது. கணினித் துறை செய்த தவறு என்றது வேளாண் துறை; நாங்கள் கேட்டபோது யாரும் பதில் தரவில்லை என்றது எங்கள் துறை. இரண்டும் உண்மை. விவசாய நகைக்கடன் எங்கள் வங்கிக்கு ஓர் உத்தியா அல்லது கிளைகளின் வழக்கமா என்பதை எந்தத் துறையும் முடிவு செய்திருக்கவில்லை என்பதும் உண்மை. நான் கேட்டுக்கொண்டதன் பேரில் விரிதாளில் மூன்று பத்திகள் சேர்ந்தன: இந்த மதிப்பை முடிவு செய்தவர் யார், எந்தத் தேதியில், எந்தச் சுற்றறிக்கையின்படி. எளிய ஏற்பாடுதான். ஆனால் அதை நிரப்ப வேண்டியிருந்ததால், வணிகத் துறைகளின் அலுவலர்கள் முதன்முறையாக எங்கள் தளத்துக்கு வந்து எங்களோடு உட்கார்ந்தார்கள். எங்கள் துறைக்கு வரும் இளம் பொறியாளர்கள் முதலில் இரண்டு வாரம் ஒரு கிராமக் கிளையின் கவுண்டருக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்ற வழக்கத்தையும் ஏற்படுத்தினோம். சில ஆண்டுகளில், ஆள் பற்றாக்குறை என்று சொல்லி அதை நிறுத்திவிட்டார்கள். அதற்காக நான் இன்னும் வருந்துகிறேன்.

உத்தி மேலே இருந்து பிறக்கும், தொழில்நுட்பம் கீழே இருந்து அதை நிறைவேற்றும் என்ற எண்ணமும் எனக்கு நெடுநாள் இருந்தது. மேலாண்மைப் பயிற்சி ஒன்றில், மேலாண்மை ஆய்வாளர்களான ஜான் ஹெண்டர்சனும் என். வெங்கட்ராமனும் 1993இல் முன்வைத்த இசைவு மாதிரியைக் கற்பித்தார்கள். தொழில்நுட்பமே வணிக உத்திக்கு வழி திறக்கும் எதிர்த்திசையும் அதில் உண்டு. அது வகுப்பறைக் கணக்கு என்று நினைத்திருந்தேன். 2019 ஆகஸ்ட் 30 அன்று பொதுத்துறை வங்கிகளின் பெரிய இணைப்பு அறிவிக்கப்பட்டபோது அந்த எண்ணம் போயிற்று. பஞ்சாப் நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் வங்கிகள் அப்போது ஃபினாக்கிளைப் பயன்படுத்தின. சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியன் வங்கியும் அலகாபாத் வங்கியும் பான்க்ஸைப் பயன்படுத்தின. ஒரே மென்பொருள் என்பது இணைப்புக்கான சாதகங்களில் ஒன்றாக அங்கே வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. பல ஆண்டுகளுக்கு முன் கணினித் துறைகள் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கிய ஒரு மென்பொருள், எந்த வங்கி எந்த வங்கியோடு சேரலாம் என்பதில் பேசும் இடத்துக்கு வந்துவிட்டது. ஒரே மென்பொருள் என்பதால் வேலை எளிதாகிவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். இரண்டு வங்கிகளும் அதே கட்டங்களை வெவ்வேறு விதமாக நிரப்பியிருக்கும். ஒவ்வொன்றிலும் எது நிலைக்க வேண்டும் என்று மறுபடியும் ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும்.

2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப ஆளுகை வழிகாட்டுதல், இயக்குநர் குழு அளவில் ஓர் உத்திக் குழு இருக்க வேண்டும், அதன் தலைவர் தொழில்நுட்பத்தில் ஆழ்ந்த பட்டறிவு உள்ள சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும், காலாண்டுக்கு ஒருமுறையேனும் அது கூட வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடு, அதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் காலியான கட்டம் அந்த மேசைவரை ஏறிப் போவதில்லை. அதைக் கீழே, பெயர் சொல்லி, ஒருவர் நிரப்ப வேண்டும்.

என் பணியின் கடைசி வாரங்களில் ஒரு பட்டியல் வந்தது. தவணை தவறுவோரிடம் வட்டி விகிதத்தைக் கூட்டித் தண்டம் வசூலிக்கக்கூடாது, தனிக் கட்டணமாகவே வாங்க வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் மீண்டும் வட்டி ஏற்றக்கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அனுப்பியிருந்த சுற்றறிக்கையை ஒட்டிய மாற்றங்கள் அவை. விவசாய நகைக்கடனுக்கான வரியில், முடிவு செய்தவர் என்ற பத்தியில், "மென்பொருளில் உள்ளபடி" என்று எழுதியிருந்தது. வேளாண் துறைக்கே திருப்பி அனுப்பினேன். மறுநாள் அதன் துணைப் பொது மேலாளர் தம் இரண்டு அலுவலர்களோடு எங்கள் தளத்துக்கு வந்தார். சம்பாவுக்கு எந்த மாதம், குறுவைக்கு எந்த மாதம் என்பதில் தொடங்கி மாலைவரை பேசினோம். எழுந்து போகும் முன் அவர் அந்தப் பத்தியில் தம் பெயரையும் தேதியையும் எழுதினார்.