12 அத்தியாயத்தை ஒரே படமாக வெட்டிப் பார்த்தேன்

மூன்று வாரமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இதே வேலைதான். மாஸ்காட் நிறுவனம் 1935-ல் எடுத்த 'தி ஃபேண்டம் எம்பயர்' கௌபாய் சீரியலை ஒரே படமாகச் சுருக்கிக்கொண்டிருக்கிறேன். தியேட்டரில் வாரம் ஒன்றாக வந்த 12 அத்தியாயம், ஏறக்குறைய 4 மணி நேரம். 1940-ல் இதையே 'ரேடியோ ராஞ்ச்' என்று சுமார் 70 நிமிடத்துக்கு வெட்டி வெளியிட்டார்கள். அதில் ஏதோ குறைகிறது. எது என்று தெரிந்துகொள்ள நானே கத்தரியை எடுத்தேன்.

கதாநாயகன் ஜீன் ஆட்ரி ஒரு பாடகர். தினமும் 2 மணிக்குத் தன் பண்ணையிலிருந்து வானொலியில் பாடியாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஒப்பந்தம் போச்சு. அதே இடத்துக்கு 25,000 அடி கீழே முரேனியா என்ற நகரம், டிகா என்ற ராணி, இரும்பு மனிதர்கள். மேலே ரேடியத்துக்கு அலையும் ஒரு கும்பல். குதிரையும் ரோபோவும் ஒரே கதையில்!

முதல் வாரம் சுலபம். டைட்டில், முன்கதைச் சுருக்கம் எல்லாவற்றையும் எடுத்தேன். அடுத்தது ஒட்டு வேலை. ஓர் அத்தியாயத்தின் கடைசிக் காட்சி அடுத்ததின் தொடக்கத்தில் மறுபடி வரும். இரண்டையும் எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் மேலும் கீழுமாக வைத்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். போன தடவை இல்லாத ஒரு ஷாட் நடுவில் முளைத்திருக்கிறது. ஆள் தப்பிக்கிற ஷாட்! அதை வைத்துத்தான் முடிச்சை அவிழ்க்கிறார்கள்.

ஆனால் ஒட்டிப் பார்த்தால் பதற்றமே இல்லை. விழுகிறார், உடனே எழுகிறார். அன்று தியேட்டரில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் இருந்தது. 'செத்தாரா, பிழைத்தாரா' என்று பையன்கள் அந்த வாரம் முழுக்கப் பேசியிருப்பார்கள். அந்தக் காத்திருப்பைப் படத்துக்குள் கொண்டுவர வழியில்லை. அதனால் பாதி ஆபத்துகளை முழுசாகவே தூக்கிவிட்டேன். செத்தவரை ரேடியம் அறையில் உயிர்ப்பிக்கும் 7-ஆம் அத்தியாயத்தைத் தொடவில்லை.

பெரிய தப்பு பாட்டில் நடந்தது. நேரம் மிச்சமாகட்டும் என்று எல்லாப் பாட்டையும் வெட்டினேன். கதையே சரிந்துவிட்டது. பாதாளத்திலிருந்து தப்பி இந்த மனிதர் ஏன் இப்படிக் குதிரையை விரட்டுகிறார் என்றே புரியவில்லை. அந்த 2 மணிதான் முழுக் கதைக்கும் கடிகாரம். பாட்டுக்கு ஒரு சரணமாவது இருக்கட்டும் என்று பாட்டுகளைத் திரும்ப வைத்தேன்.

'தி லோன் ரேஞ்சர்' சீரியலை (1938, ரிபப்ளிக், 15 அத்தியாயம்) 'ஹை-யோ சில்வர்' என்று 1940-ல் 69 நிமிடப் படமாக்கியபோது, ஒரு பெரியவர் சிறுவனுக்குக் கதை சொல்கிற மாதிரி புதுக் காட்சிகள் எடுத்துச் சேர்த்தார்கள். வெட்டின இடமெல்லாம் அவர் குரலில் மறைந்துவிடும். அருமையான யோசனை. எனக்கு அப்படி ஒரு குரல் இல்லை. என் சீரியலில் சிறுவனாகவும் சிறுமியாகவும் நடித்த ஃபிராங்கி டாரோவும் பெட்ஸி கிங் ராஸும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் துண்டுகளை இடைவெளிகளில் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஒட்டுகிறது.

இப்போது 94 நிமிடம். சத்தம் இன்னும் இரண்டு இடத்தில் குதிக்கிறது. பேச்சுக்கு அடியில் இசை ஓடுவதால் படத்தை வெட்டினால் இசையும் அறுகிறது. இந்த வாரம் அதைச் சரிபண்ண வேண்டும். கடைசியில் முரேனியா உருகி வழிகிறதே, அதில் மட்டும் ஒரு ஃபிரேமைக்கூட எடுக்கப் போவதில்லை.