ரீச்சர் கரும்பலகையில் எழுதிய பெயர்

யாழ்ப்பாணத்து உடுவிலில், எங்கள் பாடசாலையில் கிறிஸ்தவ பாடம் எடுத்த ரீச்சர், ஆபிரகாம் லிங்கனைப் பற்றிப் பேச வந்தால் அவருடைய தாயில்தான் தொடங்குவார். "அவர் ஜனாதிபதியானதைச் சரித்திர பாடத்தில் படிப்பியள். தாயின்ர பேரைச் சொல்லுங்கோ பாப்பம்" என்றார். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான்சி ஹாங்ஸ் என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினார். மணி அடிக்கும்வரை வேறு எதையும் பேசவில்லை.

பாடசாலை மலருக்கு எழுதக் கேட்டார்கள். விளையாட்டுப் போட்டியையும் கரோல் ஆராதனையையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் அந்த ஒரு பாடத்தை எழுதுகிறேன்.

நான்சி 1784 அளவில் வேர்ஜீனியாவில் பிறந்து கென்டக்கியில் வளர்ந்தவர். 1806இல் தச்சு வேலை தெரிந்த விவசாயி தோமஸ் லிங்கனை மணந்தார். சாரா, ஆபிரகாம், பிறகு குழந்தையிலேயே இறந்துபோன இன்னொரு மகன். அவர்கள் சேர்ந்திருந்த பப்டிஸ்து சபை அடிமை முறையை எதிர்த்த சபை. கென்டக்கியை விட்டுப் போனதற்கு அடிமை முறை ஒரு காரணம், காணி உறுதிச் சிக்கல்தான் பெரிய காரணம் என்று லிங்கனே எழுதியிருக்கிறார். காணி உறுதி என்றதும் வகுப்பே தலையாட்டியது. அதன் அருமை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாதா!

1816 டிசம்பரில் அவர்கள் இந்தியானா காட்டுக்குள் குடியேறினார்கள். அதே 1816இல்தான் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையில் வந்து இறங்கினார்கள். எங்கள் பாடசாலை தொடங்கியது 1824இல். "உங்கட பள்ளிக்கூடமும் அந்தக் குடும்பமும் ஒரு காலத்து ஆக்கள்" என்பார் ரீச்சர்.

நான்சி கையெழுத்துக்குப் பதிலாக அடையாளம் இட்ட பத்திரம் இருக்கிறது. ஆனாலும் வேதாகமக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர் அவர் என்று உறவினர்கள் சொன்னார்கள். எழுத்தறிவு குறைந்த ஒரு பெண்ணின் வாயிலிருந்து வேதம் ஒரு பிள்ளைக்குள் போனதை ரீச்சர் அத்தனை பெருமையோடு சொன்னார்.

1818இன் இலையுதிர் காலத்தில் அந்தப் பக்கம் பால் நோய் பரவியது. புல் காய்ந்துபோகும் நாட்களில் மாடுகள் காட்டுக்குள் போய், நிழலில் வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு செடியைத் தின்னும். அதன் நஞ்சு பாலில் இறங்கும். பாலின் நிறமோ ருசியோ மாறாது. குடித்தவருக்குச் சோர்வு, வாந்தி, நடுக்கம், பிறகு மயக்கம். பாலில்தான் ஏதோ இருக்கிறது என்று குடியேறிகள் சந்தேகித்தார்கள். எந்தச் செடி, எந்த நஞ்சு என்பது அறிவியல் முறைப்படி உறுதியானது 1920களில்தான்.

நான்சியின் தாயின் சகோதரியும் அவர் கணவரும் முதலில் விழுந்தார்கள். கிட்டடியில் வைத்தியர் இல்லை. நோயாளிகளைப் பார்த்துப் பராமரித்த நான்சியும் படுத்தார். பிள்ளைகளைக் கட்டிலருகே கூப்பிட்டு, தகப்பனுக்கும் ஒருவருக்கொருவரும் நல்லவர்களாக இருங்கள், கடவுளை வணங்குங்கள் என்று சொன்னாராம். அதை நினைவுபடுத்திச் சொன்னவர் கூடவே இருந்த உறவினர் டெனிஸ் ஹாங்ஸ். ஒக்டோபர் 5ஆம் திகதி நான்சி இறந்தார். வயது 34. தோமஸ் தானே பலகை அறுத்துப் பெட்டி செய்தார். அதற்கு வேண்டிய மர ஆணிகளை ஒன்பது வயது ஆபிரகாம் சீவிக் கொடுத்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி.

ரீச்சருக்குக் குரல் தழுதழுத்தது சாராவிடம் வந்தபோதுதான். பதினொரு வயதுப் பிள்ளை. தாய் போன அன்றிலிருந்து அடுப்பு அவள் கையில். அடுத்த ஆண்டு தகப்பன் மறுமணம் செய்யும்வரை அந்த வீட்டைக் கொண்டு நடத்தியவள் அவள்தான். 1828இல் பிரசவத்தில் அவளும் இறந்தாள். "உங்களிலும் சின்னவள்" என்று ரீச்சர் எங்களைப் பார்த்துச் சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது.

அமெரிக்காவுக்கு வந்தபின் தெற்கு இந்தியானாவில் அந்த இடத்துக்குப் போனேன். இப்போது அது தேசிய நினைவிடம். சிறு மேட்டில் மரங்களுக்கிடையே கல்லறை. அறுபது ஆண்டுகளாக அதற்கு ஒழுங்கான நினைவுக்கல் இல்லை. இப்போது இருப்பது 1879இல் வைத்தது. ஜனாதிபதி லிங்கனின் தாய் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் நின்று, ரீச்சர் எழுதியதுபோலவே வாய்விட்டு வாசித்தேன்.

ரீச்சர் இப்போது இல்லை. அவரிடம் படித்த அக்காமார், தங்கச்சிமார் யாராவது இதை வாசித்தால், உங்கள் வகுப்பில் அவர் சொன்ன மற்றப் பெண்களின் கதைகளை அடுத்த மலருக்கு எழுதி அனுப்புங்கள். எங்கள் வகுப்புக்கு, எங்கள் பாடசாலையைத் தொடங்கிய மிஷனரி ஹரியட் வின்ஸ்லோவின் கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தார். மிச்சத்தைக் கேட்டவர்கள் நிச்சயம் இருப்பீர்கள்.