நந்தனார் படமும் எங்கள் தோட்டத்துப் பூக்குழியும்

தம்பிக்கு டெங்கி முற்றி, பிளேட்லெட் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போன நேரத்தில் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டார். பிள்ளை எழுந்து நடந்தால் நம்ம தோட்டத்து மாரியம்மா பூக்குழியில் அவனை இறக்குகிறேன், நானும் பால்குடம் எடுக்கிறேன் என்று. ஆத்தா கைவிடவில்லை. அதனால்தான் இந்த வருடத் திருவிழாவுக்கு, மலேசியாவில் நாங்கள் இப்போது இருக்கும் கிள்ளானிலிருந்து குடும்பமே கிளம்பி, எங்கள் பழைய ரப்பர் தோட்டம் இருந்த சுங்கை சிப்புட் போனோம்.

வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பள்ளி விடுமுறை, நெடுஞ்சாலை முழுக்கக் காடிகள், தாப்பாவைத் தாண்டுவதற்குள் அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. ஈப்போவில் இறங்கிச் செம்மோர் வழியாகப் பழைய சாலையைப் பிடித்தோம். சுண்ணாம்புக் குன்றுகள் கண்ணில் பட்டதுமே அம்மா பேச ஆரம்பித்துவிட்டார், இது யார் தோட்டம், அது எந்த டிவிஷன், இங்கேதான் உங்கள் பாட்டி ரப்பர் பால் வெட்டினார் என்று. இப்போது எல்லாமே செம்பனை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்து வெகுகாலம் ஆகிவிட்டது, சனங்கள் டவுனில் உள்ள தாமான் குடியிருப்புகளுக்கும் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் சிதறிவிட்டார்கள். கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் திரும்பி வருவது இவளுக்காகத்தான்.

கூட்டம் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். செம்பனைக்கு நடுவே சும்மா கிடக்கும் மண்ணில் காடியை நிறுத்த 10 வெள்ளி கேட்கிறார்கள், சீட்டும் கிடையாது, கேட்டால் முறைப்பு. அதைவிட வயிறெரிந்தது என்னவென்றால், கழுத்தில் துண்டு போட்ட ஓர் ஆள் அம்மாவிடம் வந்து, 50 வெள்ளி கொடுங்கம்மா, பால்குட வரிசையில் முன்னாடி விட்டுடறேன் என்று பேரம் பேசினான். அம்மாவுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், வெயிலில் குழந்தை முகமெல்லாம் சிவந்துபோய். ஆத்தா முன்னால் நிற்கும் வரிசையையும் விற்பார்களா? கோயில் கமிட்டி இதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும்.

சரி, நான் எழுத வந்தது தீமிதிக்கு முதல் நாள் ராத்திரி நடந்ததைப் பற்றி. காப்புக் கட்டியவர்கள் எல்லாம் கோயிலிலேயே தங்கினார்கள். பொழுது போக வேண்டுமே என்று இளைஞர்கள் இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டிப் புரொஜெக்டரில் நந்தனார் படத்தைப் போட்டார்கள். 1942இல் ஜெமினி எடுத்தது, தண்டபாணி தேசிகர் நடித்தது. அதற்கு முன்பே 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நந்தனாராக நடித்த படமும் உண்டு, ஆனால் எங்கள் வீட்டில் நந்தனார் என்றாலே தேசிகர்தான். பாட்டி இந்தப் படத்தைத் தோட்டத்துத் திடலில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தவர். சிதம்பரம் போகப் பண்ணையாளான நந்தனார் உத்தரவு கேட்க, எசமானான வேதியர் தர மறுக்கும் இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவாராம். அம்மா சொல்லிச் சொல்லி எங்களுக்கும் அது மனப்பாடம்.

அந்தக் கட்டம் வந்தபோதுதான் அக்கா மகன் வாயைத் திறந்தான். பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், எதையும் கேட்காமல் விடமாட்டான். "சித்தி, இந்த வேதியரு, 40 வேலி நிலம், ராத்திரியோட ராத்திரியா வேலை முடியறது, இதுக்கெல்லாம் ஏதாச்சும் ஆதாரம் இருக்கா?" என்றான். பக்கத்தில் இருந்த பெரியவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. காப்புக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கற இடத்துல என்னடா பேச்சு, சாமி கதைக்கு ஆதாரம் கேக்கறியா என்று சத்தம் போட்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நல்லவேளை, மாமா இருந்தார். அம்மாவின் தம்பி, தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், தினமும் திருமுறை படிக்காமல் காலைப் பசியாற மாட்டார்.

"அவன் கேக்கறது சரிதாண்ணே, பெரியபுராணத்துல அந்த வேதியரே கிடையாது" என்றார் மாமா. பெரியவர் நம்பவில்லை. எனக்கும் தூக்கிவாரிப் போட்டது, சின்ன வயதிலிருந்து நந்தனார் கதை என்றால் அதுதானே. மாமா நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். நந்தனாருக்குத் திருநாளைப்போவார் என்றும் பேர், சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் திருநாளைப்போவாருக்கும் அடியேன் என்று அந்தப் பேரை மட்டும் சொல்லி வணங்குகிறார். அப்புறம் நம்பியாண்டார் நம்பி ஒரே ஒரு பாட்டுப் பாடுகிறார், ஊர் ஆதனூர், தில்லையில், அதாவது சிதம்பரத்தில், அந்தணர் மூவாயிரவர் கைகூப்ப முனிவரானார் என்று. அதன்பிறகு 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் வந்து பெரியபுராணத்தில் 37 பாட்டில் விரிவாகப் பாடுகிறார். அங்கே நந்தனார் யாருக்கும் அடிமை இல்லை. ஊரார் விட்ட பறைத்துடவை நிலம்தான் அவருக்குச் சோறு. கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துத் தொண்டு செய்கிறார். திருப்புன்கூரில் சிவலோகநாதர் நந்தியை விலகச் சொல்லித் தரிசனம் தருகிறார், அங்கே அவர் ஒரு குளமும் வெட்டுகிறார். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று தள்ளிப்போடுவதுகூட தன் பிறப்பை நினைத்துத் தயங்கித்தானே ஒழிய எந்த எசமானும் தடுத்ததால் இல்லை.

"அப்போ வேதியரைக் கொண்டு வந்தது யாரு?"

"கோபாலகிருஷ்ண பாரதியார். 19ஆம் நூற்றாண்டுல கீர்த்தனையா எழுதுனாரு. நந்தனை ஒரு பண்ணையாளா ஆக்குனது, வேதியரை எசமானா வச்சது, 40 வேலியை ஒரே ராத்திரியில முடிச்சுட்டுப் போன்னு சொல்ல வச்சது எல்லாம் அவருதான். சினிமாக்காரங்க அதைத்தான் எடுத்தாங்க."

சேக்கிழாருக்கும் பாரதியாருக்கும் நடுவே கிட்டத்தட்ட 700 ஆண்டுகள். அக்கா மகன் உடனே, பார்த்தீங்களா, படம் காட்டுறது வரலாறு இல்ல, இட்டுக்கட்டினது என்று பெரியவர் பக்கம் திரும்பினான். பெரியவர் எழுந்தே போயிருப்பார். அப்போதுதான் அதுவரை பேசாமல் இருந்த அம்மா பேசினார்.

"இட்டுக்கட்டினதுன்னு சொல்லாதடா. உன் கொள்ளுப்பாட்டி சிதம்பரம் போகணும்னு எத்தனை வருசம் கேட்டிருக்கு தெரியுமா?"

அந்தக் கதையை அம்மா அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னார். பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினால் நாகப்பட்டினத்தில் இறங்கலாம், அங்கிருந்து சிதம்பரம் பக்கம். பாட்டி காசும் சேர்த்து வைத்திருந்தாராம். விடியற்காலை இருட்டில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் போய்க் கேட்பார். அடுத்த மாசம் பார்க்கலாம் என்பாராம் கிராணி. அடுத்த மாதம் கேட்டால் தோட்ட மேலாளரான துரை ஊரில் இல்லை என்பாராம். அப்புறம் பாலுக்கு நல்ல விலை, இப்ப ஆள் போனா மரம் யார் வெட்டுறது என்பாராம். ஒருமுறை மீறிப் போனால் திரும்பி வரும்போது வேலையும் இருக்காது, லயத்து வீடும் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் பிள்ளைகள் பிறந்து, சேர்த்த காசு செலவாகி, பாட்டிக்கு முதுகு வளைந்து, கடைசிவரை போகவே இல்லை. திடலில் அந்தப் படத்தைப் போட்டபோது பாட்டி பார்த்தது அந்தக் கிராணியை. அவர் மட்டும் இல்லை, பாயில் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் எல்லோருமே அழுதார்களாம்.

அம்மா சொல்லி முடித்தபோது படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். வேதியர் சேக்கிழாரில் இல்லை என்பதை மறைக்கக் கூடாது. பிள்ளைகள் கேட்டால் மாமா மாதிரி எந்தப் பாட்டில் என்ன இருக்கிறது, யார் எப்போது சேர்த்தது என்று எடுத்துச் சொல்ல வேண்டும், சாமி குத்தம் என்று வாயை அடைக்கக் கூடாது. படத்தில் வந்துவிட்டதாலேயே அது நாயனார் வரலாறு ஆகிவிடாது. ஆனால் பாரதியார் கண்ணால் பார்த்த தஞ்சாவூர்ப் பண்ணைகளில் உத்தரவு இல்லாமல் நகர முடியாத ஆட்கள் இருந்தார்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் கப்பலேறி இங்கே வந்து துரையிடம் உத்தரவு கேட்டு நின்றார்கள். அந்தப் பாட்டு ஆதனூர் நந்தனாரின் வாழ்க்கையைச் சொல்கிறதோ இல்லையோ, எங்கள் பாட்டியின் வாழ்க்கையைச் சொன்னது. மாமா இன்னொன்றும் சொன்னார், எனக்குப் பிடித்திருந்தது. உத்தரவு கேட்டு நின்ற அதே சனம்தான், தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்த காலத்தில், இந்த ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டத்தையே வாங்கியது என்று.

தீர்க்க முடியாமல் போனது நெருப்பு விஷயம்தான். படம் முடியும் தறுவாயில் அக்கா மகன் மெதுவாகக் கேட்டான், இந்தத் தடவை சண்டைக்காக இல்லை. "சாமியே கூப்பிடுதுன்னா அப்புறம் எதுக்கு தாத்தா நெருப்புல இறங்கச் சொல்லுது?" மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. நம்பியாண்டார் நம்பியின் பாட்டில் நெருப்பு இல்லை, சேக்கிழாரில் இருக்கிறது, இந்தப் பிறவி நீங்க எரியில் மூழ்கி வா என்று கனவில் இறைவன் சொல்வதாக வருகிறது, தென்மதில் வாயிலுக்கு முன்னால் தீ வளர்த்தார்கள் என்றும் இருக்கிறது, அதற்கு மேல் நான் என்னப்பா சொல்வேன் என்றார். அப்புறம் அவராகவே, இந்தத் தோட்டத்திலும் ஒரு காலத்தில் சாதி பார்த்துத்தான் லயம் பிரித்தார்கள், யார் வீட்டில் யார் தண்ணி குடிப்பது என்று கணக்கு இருந்தது, நானே பார்த்திருக்கிறேன் என்றார். பெரியவர் அதை மறுக்கவில்லை. என் மனதுக்கு அந்த நெருப்பு இன்றைக்கும் ஒப்பவில்லை. நந்தியையே விலகச் சொன்னவருக்கு நந்தனாரை அப்படியே உள்ளே அழைக்கத் தெரியாதா? சேக்கிழார் பெருமானை வணங்கிக்கொண்டேதான் இதைக் கேட்கிறேன்.

மறுநாள் பால்குடம். உறுமி மேளம் காதைப் பிளக்க, அம்மா அந்த வீங்கிய காலோடு ஆற்றங்கரையிலிருந்து நடந்தே வந்தார். நாங்கள் குடத்தை மாற்றி வாங்கிக்கொள்கிறோம் என்றாலும் கொடுக்கவில்லை. சன்னதியில் பால் அபிஷேகம் ஆனபோது ஆத்தா முகத்தில் பால் வழிந்து, அந்த வெள்ளிக் கண்மலர் மட்டும் தெரிந்தது. பால் இறங்க இறங்க மூக்குத்தி, அப்புறம் உதடு, அப்புறம் தாடை. எனக்கு வேண்டிக்கொள்ள ஒன்றுமே வரவில்லை, தாயே தாயே என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. பூசாரி நகரச் சொல்லியும் கால் நகரவில்லை, பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், தள்ளட்டும் என்று நின்றேன்.

சாயங்காலம் பூக்குழி. தம்பி மஞ்சள் வேட்டியில், கையில் வேப்பிலையோடு வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் ஒரு லோரி டிரைவர், பின்னால் ஈப்போவிலிருந்து வந்த ஒரு வக்கீல் என்று மாமா காட்டினார். யாரும் யாரையும் என்ன ஆளு, எந்த லயம் என்று கேட்கவில்லை. முதல்நாள் ராத்திரி பேசியது எல்லாம் என் தலைக்குள் சுற்றியது. நந்தனாரை இறங்கச் சொன்ன நெருப்பு வேறு, இது வேறு. இதில் யாரையும் சுத்தமாகி வா என்று அனுப்பவில்லை, பிழைத்து வந்தவன் தாயிடம் நன்றி சொல்லப் போகிறான். கரகம் முன்னே போக, கங்கு செக்கச்செவேல் என்று கிடந்தது, அனல் எங்கள் முகம்வரை அடித்தது. தம்பி ஓடவில்லை. நடந்தான். பால் குழியில் கால் வைத்துவிட்டு அம்மாவைத் தேடித் திரும்பிப் பார்த்தான் பாருங்கள், நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்திவிட்டோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்க முடியாமல் கிடந்த பிள்ளை. மாரியாத்தா, உனக்கு என்ன செய்தாலும் தகும்.

அக்கா மகன்தான் முதலில் ஓடிப்போய் அவனைப் பிடித்துக்கொண்டான். பெரியவர் தம்பிக்கு நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டு, அடுத்து அவனுக்கும் பூசிவிட்டார். அன்னதானத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஔவையார் படத்தில் வருவது எந்த ஔவை, அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியவரா ஆத்திசூடி பாடியவரா என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

அம்மா ஒரு முடிவோடுதான் ஊர் திரும்பினார். வருகிற மார்கழித் திருவாதிரைக்குப் பாட்டியின் படத்தை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போகிறோம். விமான டிக்கெட் போட்டாகிவிட்டது. அக்கா மகனும் வருகிறான், ஆனால் முதலில் வைத்தீஸ்வரன் கோயில் பக்கம் உள்ள திருப்புன்கூர் போய் விலகின நந்தியைப் பார்க்க வேண்டுமாம், அப்புறம்தான் தில்லை என்கிறான். மாமா அதற்குள் 37 பாட்டையும் அவனைப் படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். திருவாதிரைக் கூட்டத்தில் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், எங்கே தங்கினால் நடை குறைவு, எந்த நேரம் உள்ளே போனால் நெரிசல் இருக்காது என்று சொல்லுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் வீல்சேர் வேண்டவே வேண்டாம் என்கிறார்.